முதல் குளியல்

ஊரப்பாக்கத்தில் கட்டிய புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மனைவி ஞானாம்பாளின் மூட்டுவலிக்காகச் சாம்பசிவன் சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசர் ஒன்றை வாங்கி மாட்டினார். முதல் குளியலுக்கு அவள் உள்ளே போய்த் தாழ்போட்ட பிறகுதான், குளியலறை ஜன்னலைத் திறக்காதது நினைவுக்கு வந்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஞானம், மூச்சு முட்டலையே?"

"இல்லை. நல்ல சூடு."

வேறு யாருமில்லாத கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு மறுபடி கதவைத் தட்டினார்.

"நல்ல சூடுன்னு சொன்னேனே, சாம்பசிவா."

குரல் அவளுடையதுதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் பேரைச் சொன்னதே இல்லை.

கதவை உதைத்துத் திறந்தார். அவள் தரையில் மயங்கிக் கிடந்தாள். புடவையைச் சுற்றித் தூக்கிவந்து வாசல் காற்றில் கிடத்தியதும் கண் விழித்தாள்.

"ஏன்னா, குழாயைத் திறந்ததுமே தலை சுத்திடுத்து. கூப்பிடக்கூட வாய் வரலை."

உள்ளே கொட்டிக்கொண்டிருந்த குழாயை யாரோ மூடினார்கள்.