நம்ம வீடு

கணினிப் பேச்சில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘நம்ம வீடு’ என்று பொற்கொடி எப்போதோ சொல்லியிருந்தாள். அவளுடைய பழைய லினக்ஸ் கணினியை எடைக்குப் போடச் சொல்லிச் சண்டையிட்டு, மூன்று வாரமாக லாட்ஜில் இருந்த கணவன் கதிரேசன், அதில் அவள் ஏதோ வலைப்பக்கம் செய்திருப்பதாகக் கேள்விப்பட்டுச் செல்போனில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அடித்தான். எதுவும் திறக்கவில்லை. அவளையே அழைத்துக் கேட்டான்.

“அடிக்கிறவங்க வீடுதான் அது. லாட்ஜுல அடிச்சா லாட்ஜ். நம்ம வைஃபைக்குள்ள வந்து, நான் அனுப்புற நம்பரை அடிங்க.”

மாலையில் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றான். வைஃபை தானாக இணைந்தது. பாஸ்வேர்டை அவள் மாற்றவில்லை. அவள் அனுப்பிய எண்ணை அடித்ததும் பக்கம் விரிந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் படம். உள்ளே நீலக் கோடு ஒன்று அங்குலம் அங்குலமாக ஏறிக்கொண்டிருந்தது. வலிக்கிற முழங்காலோடு தினமும் ஏணியேறி அவன் எட்டிப்பார்த்த தொட்டி. கண் எடுக்காமல் பார்த்தான். இதைக் காட்டுகிற கணினியையா எடைக்குப் போடச் சொன்னோம்?

கோடு விளிம்பைத் தொட்டது. உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“நிரம்பிருச்சு. வந்து மோட்டாரை நிறுத்துங்க.”