அல்லியரிசிக் கஞ்சி

"குளத்து விதையெ அவிச்சுக் குடுத்தே எங்கட வாப்பாவ மவுத்தாக்கப் பாக்குறியா?"

திகனயிலிருந்து தகப்பனைப் பார்க்க வந்த கைரியா, தம்பி மனைவி ஸுமைராவின் மேல் பாய்ந்தாள்.

ஸுமைராவின் பிள்ளைகள் இருவரின் பீங்கானிலும் சோறு. தகப்பன் தாஸிமின் பீங்கானில் மட்டும் நீர்த்த கஞ்சி. அல்லிக்காயை அழுகவிட்டு, அலசி, வெயிலில் உலர்த்தி எடுத்த விதையின் கஞ்சி அது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கு உகந்தது என்று அலவத்துகொடயில் எல்லோரும் சொல்வர்.

"மாமாக்கு சீனி வருத்தம், மதினி. சோறே வேணாம்டு அவர்தான்..."

"அதுக்கு மூணு வேளையும் இதுவா? எலும்பும் தோலுமா இரிக்காரு!"

"சும்மா இரி, கைரியா. எனக்கு இதுதான் புடிக்கும்."

சொல்லிக்கொண்டே எழுந்த தாஸிம், சுவரைப் பற்றியபடி சரிந்தார்.

கண்டியில் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவருக்குச் சீனி வருத்தம் எண்டு ஆர் சொன்னது? அப்பிடி ஒண்டுமில்லை. வயித்துக்கு இல்லாமத்தான் விழுந்திருக்கிறார்."

ஸுமைரா திகைத்து நின்றாள்.

"கேட்டியா?" கைரியா சீறினாள். "இல்லாத வருத்தத்தெச் சொல்லி சோத்த மறிச்சிரிக்காய்!"

"நீங்கள் மகளோ?" என்றார் டொக்டர். "கடைசியா எப்ப வந்து பாத்தனீங்கள்?"

கைரியா தகப்பனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

கட்டிலில் கிடந்த தாஸிம் மெல்லச் சொன்னார்: "அவளுக்கு ஏசாத, மகள். பொய் சொன்னது நான்தான். தம்பிட கடெ மூடினதுலேந்து ஆக்குற சோறு புள்ளைகளுக்கே பத்துதில்ல. சும்மா வேணாம்டு சொன்னா மருமகள் உடுவாளா? வருத்தம்டு சொன்னாத்தான் உடுவாள்."

"அப்ப இவள் என்னத்தெத் தின்டாள்? சோறா?"

"இல்ல மகள். அவளும் கஞ்சிதான். பாவம், அவளுக்கும் சீனி வருத்தம்."

டொக்டர் ஸுமைராவின் ஒட்டிய கன்னங்களைப் பார்த்தார்.

"கையை நீட்டுங்கோ, பிள்ளை. உங்களுக்கும் ஒருக்காப் பாப்பம்."

ஸுமைரா கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் டொக்டர்..." குரல் அடங்கியது. "மாமாக்கு முன்னால வேணாம்."