விட்டுக்கொடுத்த கேடயம்

"பரிசை வெள்ளாரம்பட்டிக்கே குடுத்துருங்கய்யா. அதுதான் நியாயம்."

காசிராஜன் இப்படிச் சொன்னதும் பூலாங்குண்டு இளைஞர் மன்றத்தின் பதினெட்டுப் பேரும் திகைத்துப் போனார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பார்கள். சொன்னவன் மன்றத்தின் தலைவன். என்ன செய்வது?

பஞ்சாயத்து யூனியனிலிருந்து வந்த அதிகாரியும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தெட்டாம் வருடத்தின் சிறந்த இளைஞர் மன்றம் எது என்ற போட்டியில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டும் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தன. வெள்ளாரம்பட்டிக்காரர்கள் ஆற்றிலிருந்து தங்கள் கண்மாய்க்கு வரும் வாய்க்காலை இரண்டு மைல் தூரத்துக்கு முள் வெட்டி, மண் அள்ளிச் சுத்தம் செய்திருந்தார்கள். பூலாங்குண்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறை கட்டியிருந்தார்கள். ஒன்பது வருடமாகக் கண்மாய் வறண்டு, வயல் வேலை இல்லாமல் கிடந்த கைகள் கட்டிய அறைகள் அவை.

ஜெயிக்கிற மன்றத்துக்கு ஒரு கேடயம், ஒரு ரேடியோ.

"ரெண்டு ஊருக்கும் மார்க் சமமா இருக்கு. அதான் உங்க பக்கத்துல என்ன சொல்றீங்கன்னு கேட்டேன். நீங்க என்னடான்னா..." என்று இழுத்தார் அதிகாரி.

"எங்க வேலை முடிஞ்சுபோன வேலைங்கய்யா. கட்டடம் அது பாட்டுக்கு நிக்கும். அந்த முள்ளுக்குள்ள எறங்கி வெட்டுறதுன்னா சும்மாவா? அவுகளுக்கே குடுங்க" என்றான் காசிராஜன், கொஞ்சமும் தயங்காமல்.

"உங்களை மாதிரி இளைஞர்கள்தான் நாட்டுக்கு வேணும்" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார் அதிகாரி.

சோணைமுத்து பல்லைக் கடித்தான். ரேடியோ வைப்பதற்காக ஊர்ப் பொதுமந்தையில் மேடை கட்டி, வெள்ளையும் அடித்து வைத்திருந்தவன் அவன்தான்.

சாயங்காலத்துக்குள் ஊர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. வெள்ளாரம்பட்டி மன்றத் தலைவன் இருளப்பசாமி, காசிராஜனின் மனைவி முத்துலட்சுமிக்கு உடன்பிறந்த அண்ணன். இதற்குமேல் என்ன வேண்டும்?

"எங்கண்ணனுக்காகவா விட்டுக் குடுத்தீக?" என்று முத்துலட்சுமியே கண் கலங்கிப்போய்க் கேட்டாள். தீபாவளிக்கு மட்டும் தோசை சுடுகிற வீட்டில் அன்றைக்குத் தோசைக்கல் ஏறியது. காசிராஜன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆறு தோசை சாப்பிட்டான்.

அடுத்த வாரம் அருப்புக்கோட்டையில் விழா. இருளப்பசாமி மாலையும் கழுத்துமாக மேடையேறிக் கேடயத்தை வாங்கினான். அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். இருளப்பசாமியின் கண் முழுக்க ரேடியோவில் இருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டான். கூட்டத்தில் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது காசிராஜன்தான். பூலாங்குண்டுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சோணைமுத்து எழுந்து காசிராஜனின் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, நாங்க எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டோம். இனிமே நீங்க தலைவரா இருக்க வேண்டாம். ஒரு வருசம் கல்லும் மண்ணும் சொமந்தோம். மச்சான் மொகத்துக்காக அம்புட்டையும் தூக்கிக் குடுத்துட்டீக."

"சரிலே, எறங்கிக்கிடுதேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கேன். மச்சான் கையெழுத்துப் போட்டாரே, அது என்ன காயிதம்?"

"ரேடியோ வாங்கினதுக்கு ரசீதா இருக்கும்."

"பாண்டுப் பத்திரம்லே! பரிசு வாங்குன மன்றம் அந்த வேலையை அஞ்சு வருசத்துக்குப் பழுதில்லாமப் பாத்துக்கிடணும். வருசாவருசம் ஆவணியில அதிகாரி வந்து பாப்பாரு. வாய்க்கால்ல முள்ளு மண்டியிருந்தா கேடயமும் ரேடியோவும் திரும்பப் போயிரும். விதியில மூணாம் பக்கத்துல போட்டிருக்கு. ஒருத்தரும் படிக்கல."

"அவுக வாய்க்காலை அவுக வெட்டுறாக. நமக்கு என்ன வந்துச்சு?"

"வாய்க்கால்ல தண்ணி வந்தா அவுக கண்மாய் நெறையும். நெறைஞ்சா மிச்சத் தண்ணி எங்கலே போகும்?"

சோணைமுத்து விரலால் சீட்டின் முதுகில் வாய்க்காலுக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தான்.

"நம்ம கண்மாய்க்கு..." என்று பின்சீட்டிலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"அவுக ஊட்டுக்கு ஊடு கெணத்துல பம்புசெட் வச்சிருக்காக. கண்மாய் நெறைஞ்சா என்ன, காஞ்சா என்ன? வெட்டுங்கன்னு சொன்னா வெட்ட மாட்டாக. நாங்க வந்து வெட்டுறோம்னா, எங்க எல்லைக்குள்ள மம்பட்டி வைக்காதேன்னு கம்பைத் தூக்குவாக. ஒம்பது வருசமாக் கெஞ்சிப் பாத்தாச்சுல்ல?"

சோணைமுத்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கோபம் போன இடம் தெரியவில்லை.

"நல்ல வேளைண்ணே. போட்டின்னு வந்ததும் அவுகளா அந்த வாய்க்காலை வெட்டணும்னு நெனச்சாகளே, அது நம்ம அதிர்ஷ்டந்தான்."

"அவுக எங்கலே நெனச்சாக?" என்று சிரித்தான் காசிராஜன். "வெள்ளாரம்பட்டி பேர்ல மனு எழுதி, வேலை என்னங்கிற எடத்துல வாய்க்கால்னு போட்டு, மச்சான்கிட்ட அன்னைக்கும் படிக்காமக் கையெழுத்து வாங்குனதே நாந்தாம்லே!"