எட்டாவது மனு

"இவரோட ஒரே ரூம்ல இனிமே வேலை பார்க்க முடியாது சார். நான் ஏசியைப் போட்டா இவரு அணைக்கிறாரு!" என்று எட்டாவது முறையாக மனுவை நீட்டினார் மூத்த சகலை.

"பொய் சார்! நான் அணைச்சா இவரு போடுறாரு!" என்றார் இளைய சகலை.

மேலதிகாரி மனுவைக் கிழித்துப் போட்டார். "போய் வேலையைப் பாருங்க."

கதவை யார் திறப்பது என்று சண்டை போட்டபடியே இருவரும் வெளியேறினார்கள்.

"பிரிச்சு விட்டுடலாமே சார்?" என்றார் உதவியாளர்.

"யோவ், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாவியைத் திருப்பினாத்தான் அணுகுண்டு கிளம்பும். போன வாரம் ஏவச் சொல்லித் தப்பா உத்தரவு வந்துச்சே, 'ஒண்ணு, ரெண்டு, மூணு' யாரு சொல்றதுன்னு அடிச்சுக்கிட்டாங்க. அது முடியறதுக்குள்ள உத்தரவே ரத்தாயிடுச்சு. இவங்க மாமனாருக்கு இன்னும் ரெண்டு மருமகனுங்க இருக்காங்களான்னு விசாரிய்யா. அடுத்த ஷிப்டுக்கு ஆள் வேணும்!"