எட்டு மணிச் சங்கு

விடியும்போதே திருமூர்த்திக்கு நெஞ்சுவலி கண்டுவிட்டது. ஆனால் புதுக் காப்பீட்டுச் சட்டப்படி, வேலை நேரத்தில் வரும் நோய்க்குத்தான் கம்பெனி வைத்தியம் பார்க்கும். கோகிலவாணி கணவனை மில் வாசல்வரை கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

“எட்டு மணிச் சங்கு ஊதினதும் விழுந்துருங்க மாமா. அதுவரைக்கும் சிரிச்சுட்டே நில்லுங்க.”

அவன் சிரித்தபடியே உள்ளே போனான்.

“ஏப்பா, காலங்காத்தால மாப்பிள்ளையாட்டம் பல்லக் காட்டற?” என்றார் காவலாளி.

“சம்சாரம் இன்னிக்குத் திட்டலீங்ணா,” என்றான்.

பத்தடி நடந்தவன் மடங்கி விழுந்தான். வாசல் கடிகாரத்தில் மணி ஏழு ஐம்பத்தெட்டு.

காவலாளி ஓடினார். கம்பிக் கதவுக்கு வெளியே கோகிலவாணி கதறினாள்:

“எந்திரிங்க மாமா! இன்னும் ரெண்டே நிமிசந்தான்... எந்திரிச்சு நில்லுங்க!”