வெறுங்கைக் கப்பல்

"பன்னெண்டு கப்பல் போதுமாங்க, சாமி?"

முறத்தில் கப்பல்களாக வரிசை வைத்திருந்த பலாக்கொட்டைகளை எண்ணிவிட்டு அத்தாயி கேட்டாள்.

"ஜப்பான்காரனோட சண்டை முடிஞ்சாச்சு, ஆத்தா. இனி நம்ம கடற்படைக்கு எத்தனை கப்பல் வேணும், புதுசா எத்தனை கட்டணும்னு என்னை எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. பன்னெண்டுக்கு மேல போனா மேலதிகாரி கிழிச்சுப் போட்டுருவார்" என்றார் அருணாசலம்.

டில்லி கடற்படை அலுவலகத்தில் அவருக்கு வேலை. அதற்கு முன் அத்தாயியின் மகன் மாணிக்கத்தோடு ஒரே கப்பலில் இருந்தவர். நேற்றுப் பொழுது சாயத்தான் இரண்டு பைகளோடு கொல்லிமலை ஏறி வந்திருந்தார். வந்ததிலிருந்து கப்பல் பேச்சுத்தான்.

வாசலுக்குக் கீழே பள்ளம் முழுக்க வெண்மஞ்சு. குன்றுகள் அதில் மெல்ல மிதப்பதுபோல் இருந்தன. கடலையே பார்த்திராத அத்தாயிக்கு அதுதான் கடல்.

"இது பெரிய கப்பல். முன்னால ரெண்டு, பக்கத்துக்கு ரெண்டு காவல்." அருணாசலம் கொட்டைகளை நகர்த்தினார்.

"கடைசியில வாரது?"

"அதுலயும் பீரங்கிதான்."

"அப்ப வெறுங்கையா வாரது எதுங்க?"

"வெறுங்கையாவா?"

"மொளகு மூட்டை தூக்கிட்டுச் சேந்தமங்கலம் சந்தைக்கு எறங்குவமுங்க. வரிசையில கடைசி ஆளு தலையில ஒண்ணும் இருக்காது. எவனாச்சும் வழுக்கி உழுந்தா நின்னு தூக்கோணும். தூக்க முடியாமப் போனா அவன் மூட்டையையாச்சும் ஊட்டுல சேத்தோணும். அதுதான் அவனுக்கு வேலை. டில்லியில யாரும் சந்தைக்கே போறதில்லீங்களா?"

அருணாசலம் சிரிக்கப் பார்த்தார். "சும்மா வர்றதுக்கு ஒரு கப்பல் கட்டச் சொன்னா என்னைப் பைத்தியம்பாங்க, ஆத்தா."

அத்தாயி பதிமூன்றாவது கொட்டையை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள். அவர் அதை எடுத்து வெளியே வைத்தார். அவள் திரும்பவும் வைத்தாள்.

"எம் மவன் ஏறிப்போன தொழிலு. பதிமூணுன்னு எழுதுங்க. எழுதினாத்தான் இன்னிக்குக் களி."

மஞ்சு மேலேறி வாசலைத் தொட்டது. அருணாசலம் பென்சிலை எடுத்து, தாளில் இருந்த பன்னிரண்டை அடித்துப் பதிமூன்று என்று எழுதினார்.

"கிழிச்சுப் போட்டாங்கன்னா?"

"மறுபடியும் எழுதறேன், ஆத்தா."

அத்தாயி தலையாட்டினாள். மூலையில் கட்டு அவிழ்க்காமல் கிடந்த இரண்டாவது பையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் மவன் உழுந்தப்ப ஒரு கப்பலும் நிக்கலீங்களா, கண்ணு?"

அந்தச் சேதியை அருணாசலம் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை.