மஞ்சள் வைத்த நோட்டு

பர்வதத்தின் மணிபர்ஸில் இரண்டு நூறு டாலர் நோட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. முதல் வெளிநாட்டுப் பயணம். கிளம்புகிற அன்று அவள் ஒரு நோட்டை மட்டும் எடுத்துச் சாமி படத்தின் முன் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பிடிக்க முடியவில்லை. விமானத்தில் வழி நெடுக, "பாத்தியா, அம்மா கண்ணுக்கு நான்தான் தெரிஞ்சேன்" என்று பக்கத்து நோட்டிடம் பீற்றிக்கொண்டே வந்தது.

"நல்லா இரு. நான் மாறினா போதும்" என்றது வெறும் நோட்டு.

போய் இறங்கிய ஊரில், பணம் மாற்றும் கடையில் பர்வதம் மஞ்சள் நோட்டைத்தான் முதலில் நீட்டினாள். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கறை பட்ட நோட்டை வாங்குவதில்லை என்று திருப்பித் தள்ளினார்.

"கறையா? மஞ்சளய்யா அது!" என்று கத்தியது நோட்டு. பர்வதமும் அதையேதான் சொன்னாள். கடைக்காரர் அசையவில்லை.

வெறும் நோட்டு உள்ளே போனது. ஊர்ப் பணம் கட்டாக வெளியே வந்தது. பயணம் முழுக்க அதிலேயே ஓடியது. மஞ்சள் நோட்டு பர்ஸின் மூலையில் சுருண்டு கிடந்து வீடு திரும்பியது.

அடுத்த வருஷம் மறுபடி பயணம். பர்வதம் மூன்று புது நோட்டுகள் வாங்கி வந்தாள்.

"போன தடவை ஒண்ணுக்குத்தான் வெச்சேன், அதான் தடங்கல்" என்று சொல்லிக்கொண்டே நிறைய மஞ்சள் குழைத்தாள்.

பழைய நோட்டு எச்சரிக்க வாயெடுத்தது. அதற்குள் புது நோட்டுகள் மூன்றும், நான் முந்தி நீ முந்தி என்று மூலையை நீட்டிவிட்டன.